ஜான் வாக்கர்

சர் ஜான் ஏர்னஸ்ட் வாக்கர் (பிறப்பு: சனவரி 7, 1941) ஓர் ஆங்கிலேய வேதியியலாளர். உயிரணுக்கள் ஆற்றலுக்குப் பயன்படுத்தும் அடினோசின் டிரைபாஸ்பேட் (ஏடிபி) மூலக்கூற்றை ஆக்கும் ஏடிபி சின்தேசு என்னும் நொதியின் கட்டமைப்பை ஆராய்ந்தவர். 1997 ஆம் ஆண்டு வேதியியலுக்கான நோபல் பரிசின் ஒரு பாதியை அமெரிக்கரான பால் போயருடன் பகிர்ந்துகொண்டார். மறுபாதி டென்மார்க்கைச் சேர்ந்த யென்சு இசுக்கூவுக்கு வேறொரு நொதிக்காக வழங்கப்பட்டது.

வாழ்க்கை

யார்க்சயரின் ஆலிஃபாக்சு நகரில் பிறந்த வாக்கர், ஆக்சுபோர்டில் வேதியியல் பயின்று 1969 இல் முனைவர் பட்டம் பெற்றார். அமெரிக்காவிலும் பிரான்சிலும் ஆய்வு செய்தபின், 1974 இல் கேம்பிரிட்சிலுள்ள மூலக்கூற்று உயிரியல் ஆய்வகத்தில் சேர்ந்தார். புரதங்களின் அமினோ அமில வரிசையை அறியும் முறையை உருவாக்கிய பிரெடரிக் சாங்கர் அப்போது அங்கு பணியாற்றினார்.

ஏடிபி சின்தேசு ஆய்வு

இந்நொதி இழைமணியின் உட்சவ்வில் பதிந்துள்ளது. சவ்வைக் கடந்து பாயும் புரோட்டான்களே இதனை இயக்குகின்றன. ஆனால் அப்பாய்ச்சல் எவ்வாறு ஏடிபியாக மாறுகிறது என்பது நெடுங்காலம் விளங்கவில்லை. நொதியின் மூன்று வினையிடங்களும் ஒரே நேரத்தில் மூன்று வெவ்வேறு நிலைகளில் உள்ளன என்றும், ஆற்றல் முதன்மையாகத் தேவைப்படுவது ஏடிபியை ஆக்குவதற்கன்று, ஆக்கியதை விடுவிப்பதற்கே என்றும் போயர் கூறினார். நடுவிலுள்ள ஒரு பகுதி சுழல்வதால் இந்நிலைகள் மாறுகின்றன என்ற அவரது கருத்தைப் பலர் ஐயத்துடனேயே நோக்கினர்.

வாக்கர் முதலில் நொதியின் அமினோ அமில வரிசைகளைக் கண்டறிந்தார். 1982 இல் அவரது குழு அவற்றைப் பிற புரதங்களுடன் ஒப்பிட்டு, ஏடிபியைப் பிணைக்கும் புரதங்கள் பலவற்றில் காணப்படும் இரு பொது வரிசைகளை இனங்கண்டது. இவை இன்றும் அவர் பெயராலேயே அழைக்கப்படுகின்றன.

அடுத்து மாட்டின் இதயத்திலிருந்து பிரித்தெடுத்த நொதிப் பகுதியைப் படிகமாக்கி, எக்சு-கதிர்களால் ஆராய்ந்தனர். பல ஆண்டு உழைப்பின் பயனாக 1994 இல் கட்டமைப்பு வெளியானது. நடுத்தண்டைச் சுற்றி ஆறு புரதங்கள் ஆரஞ்சுச் சுளைகள்போல் அமைந்திருந்தன. வினையிடங்களுள் ஒன்றில் ஏடிபியை ஒத்த மூலக்கூறும், மற்றொன்றில் அடினோசின் டைபாஸ்பேட்டும் இருந்தன. மூன்றாவது வெற்றிடமாக இருந்தது. சமச்சீரற்ற தண்டு ஒவ்வொன்றையும் வெவ்வேறு விதமாக அழுத்தியிருந்தது. போயரின் மூன்று நிலைகளும் ஒரே படிகத்தில் காணக்கிடைத்தன. எனினும் படிகம் அசையாதது. சுழற்சியை 1997 இல் சப்பானிய ஆய்வாளர்கள், தண்டில் ஒளிரும் இழையொன்றைப் பிணைத்து நுண்ணோக்கியில் நேரில் கண்டனர்.

சவ்விலுள்ள சுழல் வளையத்தையும் வாக்கர் குழுவினர் ஆராய்ந்தனர். அதன் புரதங்களின் எண்ணிக்கை ஈசுட்டில் 10, மாட்டில் 8. ஒரு சுழற்சிக்கு அத்தனை புரோட்டான்கள் தேவை. கிடைப்பதோ இரண்டிலும் 3 ஏடிபி. ஆகவே ஈசுட்டைவிட மாட்டில் ஏடிபி ஆக்கத்திற்கான செலவு குறைவு.

வாக்கர் 1999 இல் சர் பட்டமும், 2012 இல் அரச கழகத்தின் காப்ளி பதக்கமும் பெற்றார்.