பொட்டிப்புரத்துப் பிள்ளைகளின் மேல்தாடை: அன்றும் இன்றும்

அம்பரப்பர் மலையடிவாரத்துப் பொட்டிப்புரம் பக்கம், ஒரு தலைமுறைக்கு முன்பு, பிள்ளையின் மேல் கடைவாய்ப்பற்கள் கீழ்ப்பற்களுக்கு உள்ளே விழுந்து கடித்தால், ‘பால்பல் விழுந்து முளைச்சா சரியாப் போயிரும்’ என்பார்கள். பல் முளைக்கும், கோணல் போகாது. கல்யாணப் பேச்சு வரும்போதுதான் மதுரைக்கு பஸ் ஏறுவார்கள். அதற்குள் மேல்தாடையின் இரு பாதிகளையும் அண்ணத்தின் நடுவில் சேர்க்கும் பொருத்து இறுகியிருக்கும். பிறகு அகலப்படுத்தப் பெரும்பாலும் அறுவைசிகிச்சைதான்.

மருத்துவ உலகமும் ஒருகாலத்தில் தயங்கியே நின்றது. 1860இல் சான் பிரான்சிஸ்கோவின் பல் மருத்துவர் எமர்சன் ஏஞ்செல், 14 வயதுச் சிறுமியின் மேல்தாடையை இரண்டே வாரங்களில் திருகாணி வைத்து விரித்ததாக எழுதியபோது பலர் நம்பவில்லை. 1961இல் பல்சீரமைப்பு மருத்துவர் ஆண்ட்ரூ ஹாஸ் எழுதிய பிறகே இந்த வேகமுறைக்கு மதிப்பு வந்தது. அதில் திருகாணியைத் தினம் இரண்டு முறை, கால் மில்லிமீட்டர் வீதம் திருப்புவார்கள். சில நாட்களில் முன்பற்களுக்கு நடுவே இடைவெளி விழும். பெற்றோர் பயந்துபோவார்கள், ஆனால் பொருத்து திறந்ததற்கு அதுவே அடையாளம், பின்னர் தானே மூடிக்கொள்ளும். இதற்கு மாற்றான மெதுமுறையில் வாரத்துக்கு ஒரு மில்லிமீட்டருக்கு மேல் போவதில்லை; விசையும் வேகமுறையில் உள்ளதைவிடப் பல மடங்கு குறைவு.

எலும்பு அதிகம் விரிவது வேகத்தில்தான் என்றனர் ஒரு சாரார். மெல்ல விரித்தால்தான் எலும்பு நிலைக்கும் என்றனர் மறு சாரார். இன்று அந்த வாதம் தணிந்திருக்கிறது. வேகமுறையில் முதலில் எலும்பே அதிகம் விலகினாலும், சில மாதங்கள் கழித்து அளந்தால், இரண்டிலும் கிடைத்த அகலத்தில் ஏறக்குறைய பாதி எலும்பாலும் பாதி பற்கள் நகர்ந்ததாலும் வந்திருக்கிறது. எந்த முறையானாலும், புது எலும்பு நிரம்பும்வரை கருவியை மூன்று மாதங்களுக்குக் குறையாமல் வாயிலேயே வைத்திருக்க வேண்டும்.

ஆகவே இன்று முதல் கேள்வி வயதுதான். எட்டு ஒன்பது வயதுக்குள் பொருத்து இளகியிருப்பதால் மென்விசை போதும். அந்த வயதில் கடுவிசை மூக்கின் வடிவத்தையே மாற்றக்கூடும். பருவமடையும் காலத்தில் பொருத்து பின்னிக்கொள்ளத் தொடங்கும்போது வேகமுறை கைகொடுக்கும். அடுத்தது வீட்டு நிலை. விடியற்காலையில் ஏலக்காய்த் தோட்டத்துக்கு ஜீப் ஏறும் தாய்க்குத் தினமும் திருகாணியைச் சாவியால் திருப்ப முடியுமா, அல்லது மாதம் ஒருமுறை மருத்துவரே முடுக்கும் கம்பி தோதுப்படுமா என்பதை மருத்துவர் கேட்டறிந்தே முடிவுசெய்ய வேண்டும்.

2013இல் தொடங்கிய தேசிய சிறார் நலத் திட்டத்தில் மருத்துவக் குழுக்கள் அரசுப் பள்ளிகளுக்கே வருகின்றன. ஏழு வயதுப் பிள்ளையைப் பல்லைக் கடிக்கச் சொல்லி, கன்னத்தை விலக்கிப் பாருங்கள். மேற்பல் உள்ளே விழுந்தாலோ தாடை ஒருபக்கம் ஒதுங்கினாலோ அந்தக் குழுவிடம் சொல்லுங்கள். வேகமா மெதுவா என்று தேர்ந்தெடுக்கும் வாய்ப்பே சீக்கிரம் வந்த பிள்ளைக்குத்தான் உண்டு.