பெரிய நிழற்படங்களுக்கு ஏற்ற மையும் காகிதமும்

கொச்சியில் டச்சு ஆளுநராக இருந்த வான் ரீடின் முயற்சியால் உருவான 'ஹோர்த்துஸ் மலபாரிக்குஸ்' என்னும் தாவர நூல், 1678 முதல் 1693 வரை ஆம்ஸ்டர்டாம் நகரில் பன்னிரண்டு தொகுதிகளாக வெளிவந்தது. அதிலுள்ள 700க்கும் மேற்பட்ட செப்புத்தகட்டுச் சித்திரங்கள் மூன்று நூற்றாண்டுகளுக்குப் பின்னரும் தெளிவு குன்றாமல் விளங்குகின்றன. அக்காலத்து அச்சு மை எண்ணெயில் குழைத்த கரி; காகிதமோ கந்தல் துணியிலிருந்து செய்யப்பெற்றது. இவ்விரண்டுமே அந்நீடிப்புக்குக் காரணம்.

அதே கொச்சியில் 2012 டிசம்பர் 12 அன்று கொச்சி-முசிறி பியன்னாலே என்னும் கலைக்காட்சி தொடங்கியது. கோட்டைக் கொச்சியிலும் மட்டாஞ்சேரியிலும் உள்ள பழைய பண்டகசாலைகள் காட்சிக்கூடங்களாயின. ஓவியர் அதுல் தோடியா, ஆஸ்பின்வால் மாளிகையின் பழைய பரிசோதனைக்கூடத்தை நிழற்படங்களால் நிரப்பினார். கடற்காற்றும் ஈரப்பசையும் நிறைந்த இத்தகைய ஊரில் படம் அச்சிடுவோர், எந்த மை, எந்தக் காகிதம் என்பதை முன்கூட்டியே தீர்மானித்தல் அவசியம்.

பீச்சுமுறை அச்சுப்பொறிகளில் இருவகை மைகள் பயன்படுகின்றன. சாய மையில் நிறப்பொருள் திரவத்தில் முழுவதும் கரைந்திருக்கும். அது பளிச்சென்ற நிறம் தரும். ஆனால் ஒளியும் காற்றிலுள்ள ஓசோனும் அதை எளிதில் சிதைக்கும். ஈரம் மிகுந்தால் சாயம் பக்கவாட்டில் பரவி, கோடுகளின் விளிம்பு மங்கும். நிறமி மையில் ஏறத்தாழ 0.1 மைக்ரான் பருமனுள்ள திடத் துகள்கள் மிதக்கின்றன. துகளின் மேற்பரப்பு சிதைந்தாலும் உட்பகுதி எஞ்சி நிற்பதால், அதன் நிறம் நெடுங்காலம் நிலைக்கிறது.

இது வெறும் அழகு பற்றிய பிரச்சினை அன்று. இலையின் பச்சை நிறம், அச்சில் நீலப்பச்சை மையும் மஞ்சள் மையும் சேர்வதால் தோன்றுவது. நீலப்பச்சைச் சாயம் முதலில் வெளிறினால் பச்சை இலை மஞ்சளாகிவிடும். மிளகுக்கொடியின் மெதுவாடல் நோயைக் காட்டும் விளக்கப்படத்தில் இம்மாறுதல் நேர்ந்தால், நலமுள்ள கொடியையே நோயுற்றதாக உழவர் கருத நேரும்.

காகிதத்திலும் வேறுபாடு உண்டு. பிளாஸ்டிக் பூச்சுள்ள பளபளப்புக் காகிதம் விரைவில் உலரும், விலையும் குறைவு. நுண்துளைப் பூச்சு அமைந்திருப்பின், சாய மையைக் காற்று எளிதில் தாக்கும். பருத்தி இழையாலான, அமிலமற்ற காகிதம் நிரந்தரப் பதிவுகளுக்கு உகந்தது. வெண்மையை மிகுவிக்க ஒளிரும் இரசாயனம் சேர்க்கப்பட்ட காகிதம் நாளடைவில் பழுப்பேறும். புற ஊதா விளக்கின் கீழ் நீலமாக ஒளிர்வது அதன் அடையாளம். பளபளப்பற்ற காகிதத்துக்கும் பளபளப்புக் காகிதத்துக்கும் வெவ்வேறு கறுப்பு மைகள் உள்ளன. மாற்றிப் பயன்படுத்தினால் கறுப்பு வெளிறித் தோன்றும்.

படம் பெரிதாயின் நுணுக்கமும் அதே அளவில் பெருக வேண்டும் என்பதில்லை. மனிதக் கண் ஒரு பாகையின் அறுபதில் ஒரு பங்குக் கோணத்தையே பிரித்தறியும். அக்கணக்கின்படி 30 சென்டிமீட்டர் தொலைவில் காணும் படத்துக்கு அங்குலத்துக்கு ஏறத்தாழ 290 புள்ளிகள் தேவை. 2 மீட்டர் தொலைவில் ஏறத்தாழ 45 புள்ளிகளே போதும். ஆயினும் விளக்கப்படத்தை மாணவர் நெருங்கிப் பார்ப்பர் என்பதைக் கணக்கில் கொள்ள வேண்டும்.

தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் கேரளக் கரையில் ஈரப்பதம் 80 சதவிகிதத்தையும் தாண்டுகிறது. அந்நிலையில் பூஞ்சை வளரும். கண்ணாடியில் படம் ஒட்டிக்கொள்ளும். ஆகவே அச்சிட்ட படத்தை ஒரு நாளேனும் உலரவிட்டு, அட்டை விளிம்பு வைத்துக் கண்ணாடியினின்று விலக்கிச் சட்டமிடுதல் நன்று. வெளிச்சுவரில் மாட்டுவதாயின் பின்புறம் காற்றோட்டத்துக்கு இடம் விட வேண்டும்.

மையையும் காகிதத்தையும் மொத்தமாக வாங்குமுன், எளிய சோதனை ஒன்றைப் பள்ளியிலேயே செய்யலாம். பல நிறங்கள் அடங்கிய இரு துண்டுகளை அச்சிடுக. ஒன்றின் பாதியைக் கறுப்புத்தாளால் மூடி, வெயில் படும் சன்னலில் ஒரு மாதம் வைக்கவும். மற்றொன்றின் மீது ஒரு சொட்டு நீர் விட்டு, நிறம் பரவுகிறதா எனக் கவனிக்கவும். சில துண்டுக் காகிதங்களின் செலவில், பல ஆண்டுகள் சுவரில் நின்று பொய் சொல்லக்கூடிய ஒரு படத்தைத் தவிர்க்கலாம்.