பல் தெறித்து விழுந்தால் பாலில் போடுங்க! மலைவாசிகளுக்கு ஒரு மணி நேரம்தான் கெடு

ஏற்காடு:

விளையாடும்போது விழுந்து குழந்தையின் முன்பல் வேரோடு தெறித்து வந்துவிட்டால், அதை மறுபடியும் அதே இடத்தில் உயிரோடு ஒட்ட வைக்க முடியும். ஆனால் அதற்கு கெடு ஒரு மணி நேரம்தான். ஏற்காட்டில் இருந்து 20 கொண்டை ஊசி வளைவு இறங்கி சேலம் போய்ச் சேரவே பஸ்சில் ஏறக்குறைய அவ்வளவு நேரம் ஆகிவிடும். நாகலூர், செம்மநத்தம், வாழவந்தி பக்கம் இருப்பவர்களுக்கு பஸ்சுக்குக் காத்திருக்கும் நேரம் தனிக்கணக்கு.

அதனால் சேர்வராயன் மலையில் இருக்கும் பெற்றோர், பள்ளிக்கூட டீச்சர்கள், அங்கன்வாடி ஊழியர்கள் எல்லாரும் முதல் வைத்தியத்தை தெரிந்து வைத்திருப்பது ரொம்ப அவசியம்.

பால் பல்லா, நிலைப் பல்லா?

முதலில் பார்க்க வேண்டியது இதுதான். 6 வயதுக்குக் கீழ் என்றால் பெரும்பாலும் பால் பல். அதை திரும்ப வைக்கக்கூடாது. உள்ளே வளர்ந்துகொண்டிருக்கும் புதுப்பல் அடிபடும். வழக்கம்போல சாணியில் உருட்டி கூரை மேல் வீசினாலும் தப்பில்லை. ஆனால் ஈறு கிழிந்திருந்தாலோ, மற்ற பல் உள்ளே குத்தி இறங்கியிருந்தாலோ டாக்டரிடம் காட்டியே ஆக வேண்டும்.

7, 8 வயதுக்கு மேல் முன்பல் போனால் அது பெரும்பாலும் நிலைப் பல். பால் பல்லைவிட பெருசா, கொஞ்சம் மஞ்சளா இருக்கும். புதுசா முளைத்ததாக இருந்தால் நுனி ரம்பம் போல இருக்கும். இதை கூரையில் வீசினால் போச்சு, ஆயுசுக்கும் அந்த இடம் பொக்கைதான். எது என்று தெரியவில்லையா? பாலில் போட்டு எடுத்துட்டுப் போங்க, டாக்டர் பார்த்துச் சொல்லிடுவார்.

வேரைத் தொடாதீங்க

பல்லை வெள்ளைப் பகுதியில் மட்டும் பிடிக்க வேண்டும். வேரைச் சுற்றி மெல்லிய சவ்வு இருக்கிறது. பல் திரும்ப ஒட்டுவது அந்த சவ்வில் உள்ள உயிருள்ள செல்களால்தான். மண் ஒட்டியிருக்கிறதே என்று துணியால் தேய்த்தாலோ, சோப்பு போட்டுக் கழுவினாலோ அந்த செல்கள் அழிந்துவிடும். அழுக்கு இருந்தால் பாலிலோ, சலைனிலோ ஒரு அலசு அலசினால் போதும்.

பிறகு, விழுந்த குழியிலேயே பல்லை மெதுவாக அழுத்தி வைத்து, சுத்தமான கைக்குட்டையைக் கடிக்கச் சொல்ல வேண்டும். முன்பக்கம், பின்பக்கம் மாறாமல் பார்த்துக்கணும். பிள்ளை நினைவோடு, சொன்னதைக் கேட்கும் நிலையில் இருந்தால் மட்டுமே இதைச் செய்ய வேண்டும். கேட்கத்தான் பயமா இருக்கும். ஆனா 15 நிமிஷத்துக்குள் வைக்கிற பல்தான் நல்லாப் பிழைக்கிறது.

கை நடுங்குகிறதா, பிள்ளை விட மாட்டேன் என்கிறதா? காய்ச்சாத பாக்கெட் பால் இருந்தால் ஒரு டம்ளரில் ஊற்றி பல்லைப் போட்டு மூடி எடுத்துச் செல்லுங்கள். டீக்கடையில் கேட்டாலும் கிடைக்கும். ஆறிய பால்தான், சூடான பால் ஆகவே ஆகாது. பாலே இல்லையென்றால் பிள்ளையை டம்ளரில் எச்சில் துப்பச் சொல்லி அதில் போடலாம். தண்ணீரில் ஊறப்போட்டால் செல்கள் உப்பி வெடித்துவிடும். காகிதத்தில் மடித்து சட்டைப்பையில் வைத்தால் காய்ந்து செத்துவிடும். நம்ம ஆட்கள் வழக்கமா செய்றது இதுதான்!

நேரம் கடந்துவிட்டதே என்று பல்லை வீசிவிடவும் வேண்டாம். அப்படிப்பட்ட பல்லையும் டாக்டர்கள் வைத்துக் கட்டுவதுண்டு. நாளாவட்டத்தில் வேர் கரைந்து போனாலும், சில வருஷம் இடத்தையும் எலும்பையும் காப்பாற்றித் தரும்.

கண் வரை வீக்கம் வந்தால்...

பல் தெறிப்பதைவிட ஆபத்தானது சொத்தைப் பல் வீக்கம். "பல் வலிதானே" என்று கிராம்புத் தைலம் தடவிவிட்டு நாலு நாள் தள்ளுவார்கள். சீழ் கன்னத்துக்கு ஏறி கண் மூடும் அளவுக்கு வீங்கினாலும், தாடைக்கு அடியில் இறங்கி கழுத்து கெட்டியானாலும் உயிருக்கே ஆபத்து. காய்ச்சல், வாய் திறக்க முடியாமை, எச்சில் விழுங்க முடியாமல் வடிவது, மூச்சு இழுப்பது, இதில் ஒன்று வந்தாலும் ராத்திரி என்றும் பார்க்காமல் 108-ஐக் கூப்பிட வேண்டும். விடியட்டும் என்று காத்திருக்கக்கூடாது.

கன்னத்தில் சூடு ஒத்தடம் வேண்டாம். மூக்குப்பொடி, புகையிலை வைப்பதும் வேண்டாம். வலிக்கு எடைக்கு ஏற்ற அளவில் பாராசிட்டமால் தரலாம். ஆஸ்பிரின் மாத்திரையை பிள்ளைகளுக்குத் தரவே கூடாது. அதைப் பொடித்து பல்லில் வைத்தால் ஈறு வெந்துவிடும். மீதம் வைத்த பழைய ஆன்டிபயாடிக் கொடுத்தால் சீழ் வெளியேறாது, உள்ளேயே இருக்கும்.

அடிபட்ட பிள்ளை மயங்கினாலோ, வாந்தி எடுத்தாலோ பல்லை மறந்துவிட்டு முதலில் தலையைப் பார்க்க வேண்டும். விழுந்த பல் எங்கேயும் கிடைக்கவில்லை, பிள்ளை விடாமல் இருமுகிறது என்றால் பல் மூச்சுக்குழலில் போயிருக்கலாம். எக்ஸ்ரே எடுக்கணும். உடைந்த துண்டு கிடைத்தால் அதையும் பாலில் போட்டுக் கொண்டு போனால் பல சமயம் ஒட்டித் தருவார்கள். பால் பல் ஆடுவது, அது விழாமல் பின்னால் புதுப்பல் முளைப்பது இதெல்லாம் அவசரம் இல்லை.

எங்கே போவது?

முதலில் ஏற்காடு அரசு ஆஸ்பத்திரி. ரத்தம் நிறுத்துவது, வலிக்கு மருந்து, மண்ணில் விழுந்த காயத்துக்கு டி.டி. ஊசி இதெல்லாம் அங்கேயே ஆகும். பல் வைத்துக் கட்ட சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி பல் பிரிவு இருக்கிறது. அரியானூரில் விநாயகா மிஷன் சங்கராச்சாரியார் பல் மருத்துவக் கல்லூரி இருக்கிறது. கிளம்பும் முன் போன் போட்டுக் கேட்டுக்கொண்டு போனால் அலைச்சல் மிச்சம்.

மழைக்காலத்தில் இன்னொரு கவலையும் சேரும். 2024 டிசம்பரில் பெஞ்சல் புயல் மழையில் மலைப்பாதையில் மண் சரிந்து போக்குவரத்து நின்றது. அந்த மாதிரி நேரத்தில் குப்பனூர் பாதை திறந்திருக்கிறதா என்று விசாரித்துவிட்டுப் புறப்பட வேண்டும். 

திரும்ப வைத்த பல்லை கம்பி கட்டி சுமார் 2 வாரம் அசையாமல் வைப்பார்கள். அதுவரை கஞ்சி, இட்லி, குழைந்த சாதம்தான். வேர் முழுசா வளர்ந்த பல்லாக இருந்தால் அந்த 2 வாரத்துக்குள் வேர் சிகிச்சையும் ஆரம்பிக்க வேண்டும். கம்பி எடுத்ததோடு போகாமல் விட்டுவிட்டால் சில மாதத்தில் பல் கறுத்து சீழ் வைக்கும்.