பரிசில் கடாநிலை: அன்றும் இன்றும்

புறத்திணைத் துறைகளுள் பரிசில் கடாநிலை என்பதும் ஒன்று. பரிசில் வேண்டிச் சென்ற புலவன், வள்ளல் காலம் நீட்டித்தவிடத்துத் தன் வறுமையை எடுத்துரைத்துக் கேட்டல் அதன் பொருளாம். புறநானூற்றில் இத்துறைப் பாடல்கள் பல உள. அவற்றைக் கற்பிக்குந்தோறும், இக்காலத்தில் அந்நிலையில் நிற்பவர் நம் மாணாக்கரேயன்றோ என்னும் எண்ணம் எனக்கு எழும்.

மாணாக்கராதற்கு உரியாரை வகுத்த பவணந்தி முனிவர், பொருளை மிகுதியாகக் கொடுப்பவனைச் சொன்னார். வழிபடுவோனையும், சொல்வதை விரைந்து கொள்பவனையும் அவனோடு ஒருங்கு வைத்தார். பொருளில்லான் கல்விக்கு உரியனல்லன் என்பது தமிழ் மரபன்று. நம் நாட்டில் கல்வி அமைச்சர் கன்னங்கரா அவர்களின் முயற்சியால் 1945இல் நடைமுறைக்கு வந்த இலவசக் கல்வியும் இக்கொள்கை பற்றியதே. ஆயினும், கட்டணம் நீங்கியதேயன்றி, ஊர்விட்டு ஊர் சென்று பயில்வோனுக்கு உணவும் உறையுளும் நூலும் இலவசமாகிவிடவில்லை. அக்குறையை நிரப்பவே 1981ஆம் ஆண்டுச் சட்டத்தால் மகாபொல உயர்கல்விப் புலமைப்பரிசில் நம்பிக்கை நிதியம் அமைந்தது. நெடுங்காலம் மாதம் 5,000 ரூபாவாக நின்ற அப்பரிசிலை 7,500 ரூபாவாக உயர்த்த 2025ஆம் ஆண்டு வரவு செலவுத் திட்டம் முன்மொழிந்தது.

இப்பரிசில் பெறுதற்குப் பெறுபேறு மட்டும் போதாது. குடும்ப வருமானத்தையும் நிறுவல் வேண்டும். அரச ஊழியரின் பிள்ளைக்குச் சம்பளப் பத்திரம் உண்டு. வலை வீசுவோன், கூலி வேலை செய்வோன், தோட்டம் செய்வோன் ஆகியோரின் பிள்ளைக்குக் கிராம உத்தியோகத்தரின் அத்தாட்சியும் பிரதேச செயலாளரின் ஒப்பமும் வேண்டும். தந்தை காணாமற்போன வீடுகளின் நிலை இன்னும் அரிது. அவரை இறந்தாரெனப் பதியாது, காணப்படாதவரென அறிவிக்குஞ் சான்றிதழுக்கு 2016இலேதான் சட்டம் வழிசெய்தது.

என்னிடம் தமிழ் பயின்ற மாணவி ஒருத்தியின் தந்தையார் வளைகுடா நாடொன்றில் தொழில் புரிந்தார். அவருடைய சம்பளச் சான்று வந்து சேரத் திங்கள் பல ஆயின. முடிவுநாளோ அடுத்துவிட்டது. படிப்பைக் கைவிட்டுத் தையற்கடைக்குப் போவதென அவள் துணிந்தாள். யான் தடுத்தேன். சான்று தாமதமாதலையும் அதன் காரணத்தையும் விளக்கி ஒரு கடிதம் எழுதுவித்து, தந்தையார் அனுப்பிய பணத்துக்குரிய வங்கிச் சீட்டுகளின் படிகளை இணைத்து, முடிவுநாளுக்கு முன்னரே பதிவுத் தபாலில் விடுப்பித்தேன். பின்னர்ச் சான்று வந்ததும் அதனையும் சேர்ப்பித்தாள். முதலாண்டின் பிற்பாதியில் அவளுக்குப் பரிசில் கிடைத்தது. அதுவரை அவள் உண்டது பாட்டியாரின் காப்பு அடகுபோன பணத்தில்.

எல்லோருக்கும் இவ்வாறே முடியுமென யான் உறுதி கூறேன். எனினும் மாணாக்கர் சில செய்தல் நன்று. பெறுபேறு வருமுன்னரே வருமானச் சான்றுக்கு முயல்க. கொடுத்த ஒவ்வொரு தாளுக்கும் படியொன்று வைத்துக்கொள்க. கொடுத்த நாளையும் பெற்றவர் பதவியையும் குறித்துக்கொள்க. ஒரு தாள் இல்லையென்று விண்ணப்பத்தையே நிறுத்திவிடாது, இல்லாமைக்குக் காரணத்தை எழுத்தில் அறிவிக்க. வாயாற் சொன்னது வாயிலோடு போகும். எழுதியது கோப்பில் நிற்கும். இதனை அவர்க்கு உணர்த்துதல் உயர்தர வகுப்பு ஆசிரியரின் கடமைகளுள் ஒன்றாகும்.

அதியமான் தன்னைக் காணாமலே கொடுத்தனுப்பிய பரிசிலைப் பெருஞ்சித்திரனார் ஏலாது மறுத்தார். இன்றைய மாணாக்கனை எவரும் காண்பதில்லை. அவன் தாளையே காண்கின்றனர். காணாது தரும் பரிசிலை மறுக்கும் பெருமிதம் அவனுக்கு இயலாது, பசி விடாது. ஆதலின், மேசைமீது கிடக்கும் ஒவ்வொரு விண்ணப்பத்தின் பின்னும் ஒரு பிள்ளை வாயிலில் நிற்கின்றது என்பதை அலுவலர் நினைவிற்கொள்ளல் வேண்டும். காலந் தாழ்த்த கொடை, படிப்பை விட்டுப் போனவனைத் திரும்ப அழைத்துவராது.