ப்ராக்ஸி லாக்: நிரம்பினாலும் ஆபத்து, அழிந்தாலும் ஆபத்து

திங்கட்கிழமை காலை பத்து மணி. கல்லூரிக் கணினி ஆய்வகத்தில் ஒரு கணினியிலும் இணையம் வரவில்லை. கேபிள் சரியாக இருக்கிறது. இணைப்பு கொடுத்தவர்களும் தங்கள் பக்கம் கோளாறு இல்லை என்கிறார்கள். சர்வரைப் பார்த்தால் ஹார்ட் டிஸ்க் நூறு சதவீதம் நிரம்பிக் கிடக்கிறது. நிரப்பியது ஒரே ஒரு கோப்பு, ப்ராக்ஸியின் லாக். பொறுப்பாளர் பதற்றத்தில் அதை அழிக்கிறார். அப்போதும் இடம் காலியாகவில்லை. சர்வரை அணைத்துப் போட்ட பிறகுதான் இணையம் வருகிறது. ஆனால் பல மாதப் பதிவு போனது போனதுதான். மறுவாரம் சைபர் கிரைம் போலீஸ் வந்து கேட்டால் காட்ட ஒன்றும் இல்லை.

இது எந்த நிறுவனத்திலும் நடக்கக்கூடியது. தடுக்க அரைமணி நேர வேலை போதும்.

லாக்கில் என்ன இருக்கிறது?

உள்ளிருக்கும் கணினிகளின் இணையக் கோரிக்கைகளை நடுவில் நின்று வாங்கி வெளியே அனுப்புவது ப்ராக்ஸி. இந்த வேலைக்குப் பரவலாகப் பயன்படும் இலவச மென்பொருள் ஸ்க்விட். ஒவ்வொரு கோரிக்கைக்கும் ஆக்சஸ் லாக் என்ற கோப்பில் அது ஒரு வரி எழுதும். நேரம், கேட்ட கணினியின் ஐபி எண், போன தளம், எத்தனை பைட் எல்லாம் அந்த வரியில் இருக்கும். லாகின் செய்து நுழையும் அமைப்பென்றால் பயனர் பெயரும் சேரும்.

பூட்டுக்குறி உள்ள ஹெச்டிடிபிஎஸ் தளங்களில் பொதுவாகத் தளத்தின் பெயர் மட்டுமே பதிவாகும், பக்கத்தின் முழு முகவரி பதிவாகாது. அந்தப் பெயரே போதும். 192.168.1.47 என்ற கணினியில் தினமும் மதியம் ஒரு கருத்தரிப்பு மருத்துவமனையின் தளம் திறக்கப்படுகிறது என்று வையுங்கள். அந்த மேசையில் உட்காரும் பெண் வீட்டில்கூடச் சொல்லாத ஒன்று சர்வர் அறைக்குத் தெரிந்துவிட்டது.

சட்டம் சொல்வது

மத்திய அரசின் செர்ட்-இன் அமைப்பு 2022 ஏப்ரல் 28 அன்று பிறப்பித்த உத்தரவுப்படி, நிறுவனங்களும் அரசு அலுவலகங்களும் தங்கள் கணினி அமைப்புகளின் லாக்குகளை 180 நாள் பத்திரமாக வைத்திருக்க வேண்டும். இணையத் தாக்குதல் நடந்தது தெரிந்தால் 6 மணி நேரத்துக்குள் அந்த அமைப்புக்குத் தெரிவிக்க வேண்டும். பிரவுசிங் சென்டர்கள் ப்ராக்ஸி லாக்கை ஓராண்டு வைத்திருக்க வேண்டும் என்பது 2011ஆம் ஆண்டு விதி.

மறுபக்கம், தனிநபர் தகவல் அடிப்படை உரிமை சார்ந்த விஷயம். 2017 ஆகஸ்ட் 24 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு அந்தரங்கத்தை அடிப்படை உரிமை என்றது. 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தேவை முடிந்த தகவலை அழிக்கச் சொல்கிறது. அதன் விதிகள் 2025 நவம்பரில் வெளியாயின. நிறுவனங்களின் கடமைகள் படிப்படியாக நடைமுறைக்கு வருகின்றன.

ஆக, சட்டம் சொன்ன நாள்வரை லாக் இருக்க வேண்டும். அதற்குப் பிறகு இருக்கக் கூடாது. இந்த இரண்டையும் மனிதர் நினைவை நம்பி விடக் கூடாது.

தானாகச் சுழல வைப்பது எப்படி?

லினக்ஸில் இதற்கென்றே லாக்ரொடேட் என்ற கருவி இருக்கிறது. தினமும் பழைய கோப்பை ஒதுக்கிப் புதியது தொடங்கும், ஒதுக்கியதைச் சுருக்கும், நாள் கடந்ததை அழிக்கும். கவனிக்க வேண்டியவை இவை:

1. எத்தனை கோப்பு என்ற எண்ணைப் பாருங்கள். டெபியன், உபுண்டு வகைகளில் ஸ்க்விட்டோடு வரும் அமைப்பு தினமும் சுழற்றிப் பழைய கோப்பு 2 மட்டுமே வைக்கிறது. அப்படியே விட்டால் மூன்று நாள் பதிவுகூட மிஞ்சாது. அதை 180 ஆக மாற்றுங்கள். பிரவுசிங் சென்டர் என்றால் 365.

2. சுழற்றியதும் ஸ்க்விட்டுக்குத் தகவல் போக வேண்டும். கோப்பின் பெயரை மாற்றினாலும் அழித்தாலும், திறந்து வைத்திருக்கும் ஸ்க்விட் அதே பழைய கோப்பில்தான் எழுதிக்கொண்டிருக்கும். அந்த ஆய்வகத்தில் அழித்தும் இடம் வராததன் காரணம் இதுதான். ஆகவே சுழற்சி முடிந்ததும் ஸ்க்விட்டின் ரொடேட் கட்டளை ஓடும்படி எழுதுங்கள். ஸ்க்விட்டின் சொந்தச் சுழற்சி எண்ணை 0 ஆக்குங்கள். இல்லாவிட்டால் இரண்டு பேரும் சுழற்றிக் குழப்புவார்கள்.

3. இடத்தைக் கணக்கிடுங்கள். 300 பேர், ஆளுக்கு 5,000 கோரிக்கை, வரிக்கு 200 பைட் என்றால் நாளுக்கு 300 எம்பி. 180 நாளுக்கு 54 ஜிபி. சுருக்கினால் பெரும்பாலும் இதில் ஒரு சிறு பங்குதான் ஆகும். லாக்குக்குத் தனி பார்ட்டிஷன் ஒதுக்கி, 80 சதவீதம் நிரம்பியதும் எச்சரிக்கை வரும்படி செய்யுங்கள். லாக் எழுத முடியாமல் போனால் ஸ்க்விட் தானே நின்றுவிடுவதுதான் அதன் இயல்பான அமைப்பு.

4. படிக்கும் உரிமையைப் பொறுப்பாளருக்கு மட்டும் கொடுங்கள். சர்வரின் கடிகாரம் சரியாக ஓடட்டும். நேரம் பிசகிய லாக் குற்றமற்றவரை மாட்டிவிடும்.

5. முதலில் ஒத்திகை முறையில் ஓட்டிப் பாருங்கள். மறுநாள் காலை புதிய கோப்பில் வரிகள் விழுகின்றனவா என்று கண்ணால் பாருங்கள்.

குற்றம் நடந்ததாகத் தெரிந்தால், அந்த நாட்களின் லாக்கை உடனே தனியாக நகலெடுத்து, அதன் ஹாஷ் மதிப்பை (கோப்பு மாறினால் தானும் மாறிவிடும் அடையாளக் குறியீடு) குறித்து வையுங்கள். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள புதிய சாட்சியச் சட்டத்தின்படி, மின்னணுச் சான்றோடு தரும் சான்றிதழில் ஹாஷ் மதிப்பும் கேட்கப்படுகிறது.

உங்கள் உரிமை

நீங்கள் மாணவரோ ஊழியரோ, என்ன பதிவாகிறது, எத்தனை நாள் இருக்கும், யார் பார்ப்பார்கள் என்று எழுத்தில் கேளுங்கள். அரசு அலுவலகம், அரசுக் கல்லூரி என்றால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணத்தோடு லாக் கொள்கையின் நகலைக் கேட்கலாம். 30 நாளில் பதில் தர வேண்டும்.

உங்கள் லாக்கை யாராவது எடுத்து மிரட்டினாலோ பரப்பினாலோ 1930 என்ற எண்ணிலோ சைபர் கிரைம் காவல் நிலையத்திலோ புகார் கொடுங்கள். வேலை ஒப்பந்தத்தால் கைக்கு வந்த தனிநபர் தகவலை, கேடு செய்யும் நோக்கில் வெளியிடுபவருக்கு, தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 72ஏ பிரிவில் 25 லட்சம் ரூபாய் வரை அபராதம் உண்டு. அனுமதியின்றித் தரவை நகலெடுத்ததற்கான இழப்பீட்டை, தீர்ப்பு அலுவலராக உள்ள மாநிலத் தகவல் தொழில்நுட்பச் செயலாளரிடம் கோரலாம்.

சர்வர் அறைச் சாவி வைத்திருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். அந்த லாக்கின் ஒவ்வொரு வரியும் உங்களை நம்பிய ஒருவருடையது. இன்று மாலை வீட்டுக்குக் கிளம்பும் முன் உங்கள் சுழற்சி அமைப்பைத் திறந்து, அதில் எத்தனை நாள் என்று இருக்கிறது என ஒருமுறை பார்த்துவிடுங்கள்.