ஒலிவாங்கியின் முன் பாடகர்

கச்சேரி மேடையில் மூன்று மணி நேரம் தங்குதடையின்றிப் பாடும் வித்வான், வானொலிப் பேட்டியில் மூன்று நிமிஷம் பேச நேர்ந்தால் சொல்லிழந்து திகைப்பதை நேயர்கள் கேட்டிருக்கலாம். ராகத்தை ஆண்டுக்கணக்கில் சாதகம் செய்தவர், பேச்சை ஒருநாளும் சாதகம் செய்ததில்லை, காரணம் அவ்வளவே.

இவ்விஷயத்தில் நமக்கு முன்னோடி ஒருவர் உண்டு. 1902-ஆம் ஆண்டு நவம்பரில் கல்கத்தாவில் கௌஹர் ஜான் கிராமபோன் தட்டுக்குப் பாடியபோது, ஏறக்குறைய மூன்று நிமிஷத்தில் பாட்டை அடக்க வேண்டியிருந்தது. அதற்குள்ளும், முடிவில் தம் பெயரை ஆங்கிலத்தில் உரக்கச் சொல்லி முடித்தார். தட்டுகள் ஜெர்மனியில் அச்சாயின. அங்கிருந்தோர் பாடியவரை அடையாளம் காணவே அவ்வாறு சொல்லப்பட்டது என்பர். கேட்பவருக்கு எது தெரிய வேண்டுமோ, அதை முன்னரே தீர்மானித்துக்கொண்டு வந்திருந்தார் அவர். அந்த அம்மையார் தம் இறுதி நாள்களை மைசூரில் கழித்து, 1930-இல் அங்கேயே காலமானார் என்பது கர்நாடகத்தில் வாழும் நமக்கு ஓர் உறவு.

பெங்களூரில் குடியேறிய தமிழ்க் கலைஞருக்கு முதலில் எழுவது மொழிப் பிரச்சினை. எம். வி. கோபாலசுவாமி 1935-இல் மைசூரில் தொடங்கிய ஆகாசவாணியின் வழிவந்து, 1955-இல் பெங்களூருக்குக் குடிபெயர்ந்தது இங்குள்ள நிலையம். அதன் வீட்டுமொழி கன்னடம். பேட்டி எம்மொழியில் என்பதை முன்கூட்டியே கேட்டுத் தெளிதல் வேண்டும். கன்னடம் சரளமாக வராதெனில், அதைச் சொல்லிவிடுவதில் இழுக்கில்லை. ஆனால் பெயர்களிலும் பாட்டின் முதலடியிலும் சலுகை கிடையாது. தமிழில் ‘க’ ஒன்றே. கன்னடத்தில் அதற்கு நான்கு எழுத்துகள். ‘கானம்’ என்று நாம் எழுதினால் அது காடா, பாட்டா என்பதை ஊகித்தே அறிய வேண்டும்! தேவர்நாமாவைத் தமிழ் எழுத்தில் எழுதிப் பாடம் செய்தவர், ஒலிப்பதிவுக்கு முன் கன்னட நண்பர் ஒருவரைப் படிக்கச் சொல்லிக் கேட்பது நலம்.

அடுத்தது விடை. “இசை தெய்வீகமானது” என்று சொல்வது பிழையன்று. ஆனால் அதனால் நேயருக்குப் புதிதாக ஒன்றும் தெரிவதில்லை. மைசூர் டி. சௌடய்யாவின் வயலினுக்கு ஏழு தந்திகள் ஏன் என்று கேட்டால், அதற்கு உயிருள்ள விடை உண்டு: ஒலிபெருக்கி பரவாத காலத்தில், பெரிய சபையின் கடைசி வரிசைக்கும் நாதம் எட்ட வேண்டியிருந்தது. இத்தகைய ‘ஏன்’ ஒவ்வொரு கலைஞரிடமும் இரண்டு மூன்றாவது இருக்கும். அவற்றைத் தேடி எடுத்துக்கொண்டு செல்ல வேண்டும். விளக்க வேண்டிய இடத்தில் அரை நிமிஷம் பாடிக் காட்டலாம். சுருதி கையோடு இருக்கட்டும். முழுக் கீர்த்தனையையும் தொடங்கிவிடலாகாது.

ஒலிப்பதிவில் கேள்வி வெட்டப்பட்டு விடை மட்டும் எஞ்சுவதுண்டு. ஆகவே “ஆம், அவரிடந்தான்” என்னாமல், “நான் இன்னாரிடம் கற்றேன்” என்று முழு வாக்கியமாகச் சொல்வது பாதுகாப்பு.

யாரிடம் கற்றோம் என்பதில் நானறிந்த இளம் பாடகி ஒருவர் இடறினார். அல்சூரில் பிறந்து வளர்ந்தவர். அக்கேள்விக்கு, சென்னையில் ஆறு மாதம் பாடம் சொன்ன பெயர்பெற்ற வித்வானைக் குறிப்பிட்டார். சரளி வரிசை தொடங்கி எட்டு ஆண்டுகள் கற்பித்த அண்டைவீட்டு அம்மாளின் பெயர், பதற்றத்தில் நாவில் எழவில்லை. அம்மாளோ அக்கம்பக்கத்தாரை அழைத்து உட்கார வைத்துக்கொண்டு பேட்டியைக் கேட்டிருக்கிறார். மறுநாள் பாடகி போய் நின்றபோது, “நன்றாகப் பேசினாயடி, குழந்தை” என்று மட்டும் சொல்லிக் காப்பி கொடுத்தாராம்.

இப்போது அப்பெண் பேட்டிக்குச் செல்லும்போது குரு, பக்கவாத்தியக்காரர், சாகித்தியகர்த்தா ஆகியோர் பெயர்களை எழுதி எடுத்துச் செல்கிறார். காகிதம் சலசலத்தால் ஒலிவாங்கி அதையும் பிடித்துக்கொள்ளும் என்பதால், தடித்த அட்டையில் எழுதுகிறார். அட்டையின் முதல் வரியில் இருப்பது அந்த அம்மாளின் பெயர்.