ஒருவர் குற்றத்துக்கு ஓர் இனமே பழியா?

பணத்துக்காக ஒருவரிடம் வழிப்பறி செய்வதும், அவர் பேசும் மொழிக்காகவோ, பிறந்த சாதிக்காகவோ, வணங்கும் கடவுளுக்காகவோ அவரை அடிப்பதும் ஒன்றல்ல. முதலாவதில் இழப்பு ஒருவருக்கு. இரண்டாவதில் அடி ஒருவர் மேல் விழுந்தாலும், அவரைப் போன்ற அனைவர் வீட்டிலும் அச்சம் புகுந்துவிடுகிறது. இதையே வெறுப்புக் குற்றம் என்கிறோம். பிற மாநிலங்களில் சிறுபான்மையினராக வாழும் நாம் இதன் தீமைகளை அறிந்திருப்பது அவசியம்.

பிணைந்து கிடக்கும் மண்

வடார்க்காட்டுப் பகுதிகளையும் சேர்த்து 1911-ல் அமைந்தது சித்தூர் மாவட்டம். 1953-ல் அது ஆந்திர மாநிலத்தில் சேர்ந்தது. 1960-ல் திருத்தணி அன்றைய சென்னை மாநிலத்துக்கு வந்தது. 2022-ல் திருப்பதி தனி மாவட்டமாயிற்று. எல்லைக் கோடுகள் மாறினாலும் உறவுகள் மாறவில்லை. சென்னையிலிருந்து திருக்குடைகளும், ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ஆண்டாள் மாலையும் இன்றும் திருமலைக்குச் செல்கின்றன. சித்தூர்க் கடைத்தெருவில் தமிழும் தெலுங்கும் கலந்தே ஒலிக்கின்றன.

சேஷாசலக் காட்டின் பாடம்

இந்த உறவுக்குச் சோதனையாக வந்தது செம்மரம். அதன் இயற்கையான வாழிடம் கிழக்குத் தொடர்ச்சி மலையின் தென்பகுதியே. கடத்தல் முதலாளிகள் ஜவ்வாது மலை போன்ற பகுதிகளின் ஏழைகளைக் கூலி காட்டி மரம் வெட்ட அழைத்தனர். 2013 டிசம்பரில் சேஷாசலக் காட்டில் வனத்துறை அலுவலர்கள் இருவர் கொல்லப்பட்டனர். மிகக் கொடிய குற்றம் அது. அந்த வழக்கில் இருநூற்றுக்கும் மேற்பட்ட தமிழ்த் தொழிலாளர்கள் குற்றம் சாட்டப்பட்டனர். பலர் நீண்ட காலம் சிறையில் வாடினர். 2016-ல் திருப்பதி நீதிமன்றம் அவர்களை விடுதலை செய்தது. வாடியவர்களின் குடும்பங்கள் நொந்தன. மாண்ட அலுவலர்களின் குடும்பங்களுக்கும் நீதி கிட்டவில்லை. கூட்டத்தின் மேல் பழி விழும்போது உண்மைக் குற்றவாளியே தப்புகிறான்.

இடையில், 2015 ஏப்ரல் 7 அன்று, திருப்பதிக்கு அருகே செம்மரக் கடத்தல் தடுப்புப் படையினர் சுட்டதில் தமிழகத் தொழிலாளர்கள் 20 பேர் இறந்தனர். தாக்கப்பட்டதால் தற்காப்புக்காகச் சுட்டதாகக் காவல்துறை கூறியது. மனித உரிமை அமைப்புகள் அதை மறுத்தன. தேசிய மனித உரிமை ஆணையமும் விசாரணையில் இறங்கியது. இதை வெறுப்புக் குற்றம் என்று எந்த நீதிமன்றமும் சொல்லவில்லை, நாமும் சொல்லவில்லை. ஆனால் 'தமிழன் என்றால் மரம் வெட்டுபவன்' என்ற சந்தேகம் பரவினால், குற்றத்தோடு தொடர்பே இல்லாத பயணியும் கூலியாளும் அதற்கு விலை கொடுக்கிறார்கள்.

மறுபக்கத்தையும் மறைக்கக் கூடாது. அந்த நாட்களில் தமிழகத்தில் ஆந்திரப் பேருந்துகள் மீது கல் வீசப்பட்டது. அந்த ஓட்டுநர் என்ன பிழை செய்தார்? நமக்கு இழைக்கப்பட்டால் அநீதி, நாம் இழைத்தால் நியாயம் என்பது அறமாகாது.

விளையும் தீமைகள்

1991 டிசம்பரில் காவிரிச் சிக்கலையொட்டிப் பெங்களூரில் தமிழர்கள் தாக்கப்பட்டபோது, ஆயிரக்கணக்கானோர் ஊரைவிட்டு வெளியேறினர். உயிரும் உடைமையும் போவது முதல் தீமை. பொது இடத்தில் தாய்மொழி பேசவே அஞ்சுவதும், புகார் கொடுக்கத் தயங்குவதும், தம் தெருவுக்குள்ளேயே ஒடுங்குவதும் இரண்டாவது. அக்கம்பக்கத்தார் ஒருவரையொருவர் நம்பாத நிலையில் வணிகம் சுருங்கி, வதந்தியே செய்தியாவது மூன்றாவது. இந்த மூன்றாவது தீமை பெரும்பான்மையினரையும் விடுவதில்லை.

நாம் செய்ய வேண்டியவை

2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 196-ஆம் பிரிவு, மதம், பிறப்பிடம், மொழி, சாதி முதலியவற்றின் பேரில் பகைமை வளர்ப்பதைத் தண்டிக்கிறது. ஐவரோ அதற்கு மேற்பட்டோரோ கூடி இத்தகைய காரணத்துக்காகக் கொலை செய்தால் 103(2)-ஆம் பிரிவு மரண தண்டனையோ ஆயுள் தண்டனையோ விதிக்கிறது. தாக்கப்பட்டவர் எந்தக் காவல் நிலையத்திலும் புகார் தரலாம். தாக்கியபோது சொல்லப்பட்ட வசைச் சொற்களையும் புகாரில் எழுதச் சொல்ல வேண்டும். வெறுப்பே காரணம் என்பதற்கு அவையே சான்று.

உறுதிப்படாத செய்தியை நாம் பரப்பக் கூடாது. வாழும் ஊரின் மொழியைப் பிள்ளைகள் நன்கு கற்கட்டும். சங்க விழாக்களுக்கு அண்டை வீட்டாரையும் அழைப்போம். முன்பே பழகிய முகத்தின் மேல் கல்லெறியக் கை எளிதில் எழாது.